காதுக்குள் எது நல்ல பேஸ்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சார், என்னிடம் இருப்பது சால்நோட்ஸ் ஜீரோ இயர்போன். அறை நண்பனிடம் ட்ரூத்இயர் ஜீரோ. இரண்டிலும் ஒலி எழுப்பும் டிரைவர் 10 மி.மீ.தான். ஆனால் அவனுடையதில் பேஸ், அதாவது கீழ்ச் சுருதி ஒலி, அதிர்கிறது, என்னுடையதில் ஒல்லியாகக் கேட்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: ஏமாறவில்லை தம்பி. டிரைவரின் விட்டத்தைப் பார்த்து பேஸைச் சொல்ல முடியாது. உங்களுடையதில் ஒரே டிரைவர் மொத்தப் பாட்டையும் சுமக்கிறது. நண்பனுடையதில் 10 மி.மீ. டிரைவருக்குக் கீழ்ச் சுருதி வேலை மட்டும்தான். மற்றதை இன்னொரு 7.8 மி.மீ. டிரைவர் பார்த்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம் ட்யூனிங், அதாவது எந்தச் சுருதியை எவ்வளவு தூக்குவது என்ற அமைப்பு. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஓலிவும் டாட் வெல்டியும் பலரைக் கேட்கவைத்து ஆராய்ந்தபோது, காதுத் துளைக்குள் செருகும் இன்-இயர் இயர்போனில் பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருப்பதைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். ட்ரூத்இயர் அந்த வழியில் போகிறது. அடி ஆழத்தை நன்றாக உயர்த்திவிட்டு, பாடகரின் குரல் தொடங்கும் இடத்துக்கு முன்பே இறக்கிவிடுகிறது. சால்நோட்ஸில் அந்த உயர்வு குறைவு. இதில் தரக்குறைவு எதுவும் இல்லை, ருசிதான் வேறு.

ஆனால் இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். இன்-இயர் பேஸைப் பற்றி வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும்.

முதலாவது, இயர்போன் முனையில் மாட்டும் ரப்பர் டிப். இவ்வளவு சின்ன டிரைவரால் ஆழமான பேஸ் தர முடிவதே, காதுத் துளைக்குள் அடைபட்ட அந்தத் துளிக் காற்றை மட்டும் அழுத்தித் தளர்த்தினால் போதும் என்பதால்தான். டிப்பைச் சுற்றிக் காற்று கசிந்தால் ஓட்டை டியூபில் பம்ப் அடிக்கிற கதைதான். கசிவில் முதலில் போவது பேஸ், உயர் சுருதி அப்படியே நிற்கும். போனில் ஒரே சுருதியை ஒலிக்கவிடும் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, 40 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். ஒலி சட்டென்று கனத்தால் உங்கள் டிப் சேரவில்லை என்று அர்த்தம். பெரிய டிப் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஒரு அளவு, இடது காதுக்கு இன்னொரு அளவு தேவைப்படுவது சகஜம். எந்த ரப்பரும் சேராத காதுக்கு ஃபோம் டிப் நல்லது. கசக்கிச் செருகிவிட்டுக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஒலி அளவு. சத்தம் குறையும்போது நம் காது மற்ற ஒலிகளைவிட பேஸை அதிகமாகக் கைவிடுகிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரே போனில் ஒரே வால்யூம் கோடு வைத்தாலும் இரண்டு இயர்போன்கள் ஒரே சத்தத்தில் பாடாது. சத்தமாகப் பாடுவது கூடுதல் பேஸ் உள்ளதுபோலவே தோன்றும். அதே செயலியில் 1,000 ஹெர்ட்ஸ் வைத்து, இரண்டும் சமமாகக் கேட்கும்படி வால்யூமைத் திருத்திக்கொண்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

கேள்வி: பேலன்ஸ்டு ஆர்மேச்சர் இயர்போன் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். என் மகனின் மலிவு இயர்போனில் இதைவிட பேஸ் அதிகம். அப்படியென்றால் எது உயர்ந்தது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அளவு வேறு, தரம் வேறு. மகனுடையதில் இருப்பது பெரும்பாலும் டைனமிக் டிரைவர். அதில் ஒரு சவ்வு அசைந்து காற்றைத் தாராளமாகத் தள்ளும். உங்களுடையதில் உள்ள ஆர்மேச்சர் என்ற டிரைவர் வகை மிகச் சின்னது, அதனால் அடி ஆழத்தில் அந்த அசைவு இருக்காது. ஆனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். 1991-ல் வந்த எட்டிமோடிக் இஆர்4 இயர்போன் ஒற்றை ஆர்மேச்சரில் ஓடுவது. பேஸ் போதாது என்று அதை ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அதில் கேட்கும் பேஸ் பிடிக்கும். அதிராது, ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வரும்.

நான் பேஸைச் சோதிக்க எடுப்பது மிருதங்கத் தனியாவர்த்தனம். இடது பக்கத் தொப்பியில் ரவைப் பசை அப்பியிருப்பார்கள் அல்லவா, அந்தப் பக்கத்தில் தட்டிவிட்டு மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது ‘கும்’ என்ற நாதம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். அதுதான் கும்கி. நல்ல இயர்போனில் அந்த ஏற்றம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்கும், அடுத்த சொல் விழுவதற்குள் நாதம் அடங்கியும் விடும். பேஸை ஊதிப் பெரிதாக்கிய இயர்போனில் எல்லாமே ஒரே ‘தும்’. ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

மெல்லிசை கேட்பவர் என்றால் பேஸ் கிட்டார் போதும். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்தது 55, பிறகு 73, 98. 80-களின் தமிழ்ப் பாட்டு ஒன்றை எடுத்து, குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரோடு கூடவே முனகிப் பாருங்கள். சுரம் தவறாமல் தொடர முடிந்தால் அது நல்ல பேஸ். இந்தச் சோதனையில் மகனுடையது ஜெயித்தால், விலையை மறந்துவிட்டு அதையே பாராட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் அருமையாக இருக்கும் பேஸ், மின்சார ரயிலில் ஏறியதும் காணாமல் போகிறது. ஏன்?
– வாசகி, தாம்பரம்

பதில்: ரயிலின் உறுமலும் பேஸும் ஒரே சுருதிப் பகுதியில் இருக்கின்றன. உறுமல் அதை மூடிவிடுகிறது. தயவுசெய்து வால்யூமைக் கூட்டி ஈடுகட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிறது: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. ஓடும் ரயிலில் சத்தத்தை மீறிக் கேட்க முயன்றால் அந்தக் கணக்கு சீக்கிரம் தீரும், போன செவித்திறனோ திரும்பாது. இரைச்சல் நீக்கும் ஏஎன்சி உள்ள இயர்பட் வாங்குங்கள். அந்த நுட்பம் மிக நன்றாக வேலை செய்வதே கீழ்ச் சுருதி இரைச்சலில்தான். ஒலிபெருக்கி அறிவிப்புகள் ஓரளவு கேட்கும், உறுமல் தணியும், அதே வால்யூமில் பேஸ் திரும்ப வரும். ஆனால் தண்டவாளம் கடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?
– வாசகர், சேலம்

பதில்: அதிகம் இருக்கும் என்று நம்பலாம். நன்றாக இருக்கும் என்பதற்கு, கடையில் உங்கள் பாட்டைப் போட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: புது இயர்போனை 100 மணி நேரம் ஓடவிட்டால் பேஸ் திறந்துகொள்ளும் என்கிறார்களே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: தேவையில்லை. நாளாக ஆக மாறுவது பெரும்பாலும் நம் காதின் பழக்கமும், டிப்பைச் சரியாகப் பொருத்தக் கை பழகிக்கொள்வதும்தான். பிடிக்கவில்லை என்றால் 100 மணி நேரம் காத்திருக்காமல், கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளும் நாட்களுக்குள் மாற்றிவிடுங்கள். பெட்டியையும் மிச்ச டிப்களையும் அதுவரை பத்திரமாக வையுங்கள்.