கம்ப்யூட்டருக்கு 4000 ரூபாய்க்குள்ள சத்தமில்லாத பவர் சப்ளை எது வாங்கலாம்?

தம்பி, பாளையங்கோட்டை வெயில்ல பவர் சப்ளை ஃபேன் ராத்திரியெல்லாம் இரையுது, பிள்ளை தூங்க மாட்டேங்கான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஒரு காரியம் செய்யுங்க, பேப்பரக் குழல் மாதிரி சுருட்டி ஒரு முனைய காதுல வச்சு சிபியு கூலர் (பிராசஸர் மேல இருக்க ஃபேன்), பின்னாடி ஃபேன், பவர் சப்ளைன்னு ஒவ்வொண்ணாக் கேளுங்க, நெறைய பேருக்கு சத்தம் கூலர்லதான் இருக்கும், வீணா காசு போயிரும்.

சப்ளைதான்னு உறுதியாச்சுன்னா விஷயம் சூடுதான், இழுக்குத கரண்ட்ல வீணாப்போறது சூடாகும், அதை வெளிய தள்ளத்தான் ஃபேன் சுத்துது. 80 பிளஸ் பிரான்ஸ்ங்கது கரண்ட் வீணாகாம இருக்கதுக்குக் குடுக்குத தரச் சான்று, அது இருந்தா பாதி லோடுல 85 சதவீதம் உபயோகமாகும், 200 வாட் இழுத்தா 30 வாட்தான் சூடு. கேபினட்டோட ஓசியா தாற சப்ளைல இந்தக் கணக்கே கிடையாது, அத நம்பாதீங்க.

கிராபிக்ஸ் கார்டு இல்லன்னா 450 வாட் தாராளம், ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி இருந்தா 550, அந்தக் கார்டு மட்டுமே 170 வாட் தின்னும். 850க்கெல்லாம் போவாண்டாம். வாட்டுல மிச்சம் பிடிக்கிற காச நல்ல ஃபேன்ல போடுங்க, 120 மில்லிமீட்டர், ஃப்ளூயிட் பேரிங்னு (எண்ணெய்ப் படலத்துல சுத்துற பேரிங்) போட்டிருக்கான்னு பாருங்க, சாதா ஸ்லீவ் பேரிங் நம்ம ஊரு புழுதிக்கும் சூட்டுக்கும் சீக்கிரமே கரகரன்னு ஆயிரும். கேபினட்ட தரையில வைக்காம ஸ்டூல்ல ஏத்துங்க. தூசி தட்டுதேன்னு சப்ளைய மட்டும் கழட்டிராதீங்க, பிளக்கப் பிடுங்கினப் பொறவும் உள்ள கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும்.