உள்ள போறது ஈஸி, வெளிய வர வழி இருக்கா?

கேள்வி: சார், நைஜீரியா, வியட்நாம், கென்யா மாதிரி நாடுகள்ல முதலீடு செய்ற ஃப்ரன்டியர் மார்க்கெட் ஃபண்டு (இன்னும் முழுசா வளராத சின்னச் சந்தைகள்ல போடுற ஃபண்டு) இனிமே பயங்கரமா வளரும்னு நண்பர் சொல்றார். சேமிப்புல கால்வாசியை அதுல போடலாமா?

பதில்: கால்வாசி வேண்டவே வேண்டாங்க. வளர்ச்சி பொய்யின்னு சொல்ல வரல, இளம் ஜனத்தொகை, புதுசா வர்ற ஃபேக்டரி, இப்பதான் பேங்க் கணக்கு தொடங்குற மக்கள்னு எல்லாமே நிஜம்தான், ஆனா அந்த வளர்ச்சி உங்க கைக்கு டாலரா வந்து சேரணும்ல, சிக்கலே அங்கதான். 2023-ல நைஜீரியா பங்குச்சந்தை சுமார் 46% ஏறுச்சு. அதே வருஷம் ஜூன்ல அரசாங்கம் அந்த நாட்டுப் பணமான நாய்ராவை இறுக்கிப் பிடிச்சிருந்த பிடியை விட்டதும் வருஷக் கடைசிக்குள்ள அதோட மதிப்பு கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு, அப்போ வருஷ ஆரம்பத்துல 100 டாலர் போட்டவருக்கு நாய்ரா கணக்குல லாபம், டாலரா மாத்தினா 75-க்குப் பக்கத்துலதான் நிக்கும். அதையும் உடனே மாத்த முடியல, டாலருக்கே தட்டுப்பாடு, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வித்த காசை வெளிய எடுக்க மாசக்கணக்குல காத்துக் கிடந்தாங்க.

விலை இறங்குறதைவிட எனக்கு பயமே இந்தக் கதவு சாத்துற விஷயம்தான். 2008 ஆகஸ்ட் கடைசியில கராச்சி சந்தையில இதுக்குக் கீழ இறங்கக் கூடாதுன்னு ஒரு தரை விலை வச்சுட்டாங்க, அந்த விலைக்கு வாங்க ஆள் இல்ல, டிசம்பர் நடு வரைக்கும் விக்கணும்னு நெனச்சவங்க விக்க முடியாம மாட்டிக்கிட்டாங்க. தடையை எடுத்ததும் மளமளன்னு சரிஞ்சுது. 2022-ல பங்களாதேஷும் இதே மாதிரி தரை விலை கொண்டு வந்துச்சு. அதனால 10 வருஷத்துக்குத் தொடவே தேவைப்படாத பணம்னா மட்டும், அதுவும் மொத்தத்துல 5%க்குள்ள வச்சுக்கோங்க. கல்யாணத்துக்கு, படிப்புக்குன்னு எடுத்து வச்சதைத் தயவுசெஞ்சு இதுல கொண்டு போகாதீங்க.

கேள்வி: கச்சா எண்ணெய் ரொம்ப விழுந்தப்ப ஒரு எண்ணெய் ஃபண்டு வாங்கினேன். எண்ணெய் விலை பழையபடி ஏறிடுச்சு, என் ஃபண்டு ஏறல. ஏமாத்திட்டாங்களா சார்?

பதில்: ஏமாத்தலைங்க, ஆனா உங்களுக்கு யாரோ இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். அந்த மாதிரி ஃபண்டு எண்ணெயை வாங்கி டேங்க்ல வைக்கிறதில்ல, ஃப்யூச்சர்ஸ் காண்ட்ராக்டைத்தான், அதாவது பின்னாடி ஒரு மாசத்துல இன்ன விலைக்கு எண்ணெய் வாங்குறேன்னு போடுற ஒப்பந்தத்தைத்தான் வச்சிருக்கும். எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியிற கெடு, வர்றதுக்குள்ள இந்த மாச ஒப்பந்தத்தை வித்துட்டு அடுத்த மாசத்தை வாங்கணும். இந்த மாசம் 40 டாலர், அடுத்த மாசம் 44னு வச்சுக்கோங்க, 11 பீப்பாய் வித்த காசுக்கு 10 பீப்பாய்தான் கிடைக்கும். இப்படி மாசா மாசம் நடந்தா விலை திரும்பி வந்தாலும் உங்க கையில இருக்கிற பீப்பாய் குறைஞ்சுதானே போயிருக்கும். 2020 ஏப்ரல் 20 அன்னிக்கு அமெரிக்க எண்ணெயோட மே காண்ட்ராக்ட் மைனஸ் 37.63 டாலர்ல முடிஞ்சதே, அதுக்கும் இந்த எக்ஸ்பைரிதான் முக்கிய காரணம், மறுநாள் கெடு, எண்ணெயை எடுத்து வைக்க குஷிங்ல, அதாவது அந்த எண்ணெயை டெலிவரி குடுக்குற அமெரிக்க ஊர்ல, இடம் கிடைக்கல, காசு குடுத்தாவது தள்ளிவிட்டாங்க.

நிஜத் தங்கத்தை லாக்கர்ல வச்சிருக்கிற ஃபண்டுக்கு இந்தத் தொல்லை இல்ல. ஆனா தங்கம் வட்டி தராது, 1980 ஜனவரியில தொட்ட 850 டாலரைத் திரும்பத் தாண்ட 2008 ஆயிடுச்சு.

கேள்வி: ஃப்ரன்டியர் ஃபண்டு, எண்ணெய் மாதிரி பொருள் ஃபண்டு ரெண்டையும் கலந்து வச்சா ரிஸ்க் குறையும்தானே?

பதில்: எந்த நாடுன்னு பார்க்கணும். ஜாம்பியாவோட ஏற்றுமதியில பெரும்பங்கு தாமிரம், நைஜீரியாவுக்கு எண்ணெய். எண்ணெய் ஃபண்டும் நைஜீரியா பங்கும் சேர்த்து வச்சா ஒரே சூதை ரெண்டு தடவை ஆடுற மாதிரிதான். வியட்நாம் கதை வேற, அங்க ஃபேக்டரி ஏற்றுமதிதான் பெருசு. ஃபண்டு ஃபேக்ட்ஷீட்ல (ஃபண்டு பத்தி கம்பெனி தர்ற விவரத் தாள்) நாடு வாரியா எவ்ளோ இருக்குன்னு பாருங்க, அதோட பணத்தைத் திருப்பிக் கேட்டா எத்தனை நாள்ல தருவாங்க, நிறுத்தி வைக்கிற அதிகாரம் அவங்களுக்கு இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்கிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.