பல்லுக்குள் உடைந்த ஃபைலும் இரண்டு லட்சம் கேட்கும் இடைத்தரகரும்

கேள்வி: பி.டி.எஸ். முடித்து, தாராபுரம் பக்கம் மூன்று வருடமாகத் தனியாக கிளினிக் நடத்துகிறேன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்தபோது ரோட்டரி ஃபைலின் (பல் வேரின் கால்வாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய சுழல் கருவி) நுனி உள்ளே உடைந்துவிட்டது. பயந்துபோய் அவரிடம் சொல்லாமல் அப்படியே அடைத்துவிட்டேன். இப்போது வேறு இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, 'உள்ளே கம்பி இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறார்கள். 8 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. ஒருவர் வந்து, 2 லட்சத்தில் முடித்துத் தருகிறேன், இல்லையென்றால் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு ரத்தாகும், போலீஸ் வரும் என்கிறார். 6,000 ரூபாய் ஃபீஸில் 2,000தான் வாங்கினேன், அதனால் நுகர்வோர் வழக்கே செல்லாது என்கிறார் நண்பர். கேஸ் ஷீட்டில் விட்டுப்போனதை இப்போது எழுதிச் சேர்க்கலாமா?

பதில்: டாக்டர், முதலில் பேனாவைக் கீழே வையுங்கள். கேஸ் ஷீட்டில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். உங்களைப் போல நோட்டீஸ் வந்த அன்று ராத்திரியே உட்கார்ந்து 'நோயாளிக்கு எடுத்துச் சொல்லப்பட்டது' என்று அழகாக ஒரு வரி சேர்த்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெயிக்க வாய்ப்பிருந்த வழக்கை அந்த ஒரு வரியால் தோற்றார்கள். உங்கள் ரிசப்ஷன் பெண் அந்த அம்மா கேட்டாரே என்று ஷீட்டை எப்போதோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார், உங்களுக்கே தெரிந்திருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முடிந்தது கதை. ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் தனித் தாளில், இன்றைய தேதி போட்டு, உங்கள் வக்கீலுக்கு எழுதும் கடிதமாக எழுதுங்கள். அன்று எத்தனை மணி, எந்தக் கால்வாய், எந்த நீளத்தில் உடைந்தது, வெளியே எடுக்க முயன்றீர்களா, எல்லாம். அது வக்கீலுக்கு மட்டும்.

சரி, ஃபைலுக்கு வருவோம். ஃபைல் உடைவது மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது. வளைந்த குறுகலான கால்வாயில், அதுவும் கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்பக்க வேரில், நிக்கல் டைட்டானியம் ஃபைல் எந்த அறிகுறியும் காட்டாமல் படக்கென்று போகும், எம்.டி.எஸ். முடித்த எண்டோடான்டிஸ்ட் (வேர் சிகிச்சை நிபுணர்) கையிலும் போகும். உள்ளே இருக்கும் அந்தத் துண்டு விஷமும் இல்லை, புற்றுநோயும் கொண்டுவராது. நோட்டீஸில் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் அது வக்கீலின் கற்பனை. பிரச்சினை துண்டுக்குக் கீழே சுத்தம் செய்யாமல் விட்ட இடத்தில் கிருமி இருக்கிறதா என்பதுதான். கால்வாயை நன்றாகச் சுத்தம் செய்து முடிக்கும் நேரத்தில் நுனிப் பக்கம் உடைந்திருந்தால் பல வருடம் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆரம்பத்திலேயே, சீழ் இருந்த பல்லில் உடைந்திருந்தால் அது வேறு கதை. அந்த அம்மாவுக்கு இப்போது வலியோ வீக்கமோ இருக்கிறதா, வேர் நுனியில் கறுப்பு நிழல் தெரிகிறதா என்று உங்கள் கேள்வியில் ஒரு வரியும் இல்லை. எட்டு லட்சம் என்ற எண்ணைப் பார்த்ததும் பல்லை மறந்துவிட்டீர்கள்.

உங்கள் பலவீனம் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்து, அந்த அம்மாவிடம் காட்டி, 'கருவி நுனி உள்ளே நின்றுவிட்டது, இப்படி நடப்பதுண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்ப்போம், வேண்டுமானால் ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்புகிறேன்' என்று சொல்லி, ஷீட்டில் அவர் கையெழுத்தை வாங்கியிருந்தால் இந்த நோட்டீஸே வந்திருக்காது. அடுத்த ஊர் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து 'கம்பி' என்று சொன்ன நிமிஷத்தில்தான் வழக்கு பிறந்தது. (அவர் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். சக டாக்டரைக் குழியில் தள்ளுவதில் நம் ஆட்களுக்கு இருக்கிற சுறுசுறுப்பே தனி.) ஐந்து வருடம் படிக்கிறோம், பல்லை மெழுகில் செதுக்கிச் செதுக்கி விரல் தேய்கிறது, ஒரு கேஸ் ஷீட்டை எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரமாவது சொல்லித்தருகிறார்களா?

இன்னொன்றும் எதிர்த்தரப்பு கேட்கும்: அந்த ஃபைல் எத்தனையாவது நோயாளிக்குப் பயன்பட்டது? பதில் உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். வாங்கிய பில், பாக்கெட்டில் இருந்த பேட்ச் எண், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பில் இல்லாமல் பாதி விலைக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் சப்ளையரிடம் வாங்கியிருந்தால் அதையும் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

இப்போது அந்த 2,000 ரூபாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதத்துக்கு ஒருவராவது இதையே கேட்கிறார்கள். உங்கள் நண்பர் சொன்னது முழுத் தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, கொடுப்பதாகச் சொன்னவரும், பாதி கொடுத்துப் பாதி பாக்கி வைத்தவரும் நுகர்வோர்தான். 'அப்படியானால் அந்த இரண்டாயிரத்தையும் திருப்பிக் கொடுத்து, இலவச சிகிச்சை ஆக்கிவிட்டால்?' என்பது அடுத்த யோசனை, அதுவும் ஓடாது. 1995ல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் இதைத் தெளிவாகவே பிரித்துவிட்டது. வருகிற எல்லோருக்கும் ஒரு பைசா வாங்காமல் சிகிச்சை தரும் இடம் சட்டத்துக்கு வெளியே. பெயருக்கு ஒரு டோக்கன் கட்டணம் மட்டும் வாங்கினாலும் வெளியேதான். ஆனால் சிலரிடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சிலருக்கு மட்டும் இலவசமாகச் செய்யும் இடத்தில், அந்த இலவச நோயாளியும் நுகர்வோரே. வீட்டு ஓனரின் தங்கை, கோயில் குருக்கள், கூடப் படித்தவனின் மாமியார் என்று நாம் தர்மத்துக்குச் செய்கிறோமே, அத்தனை பேரும் உங்கள் மேல் வழக்குப் போடலாம். அப்புறம், இலவசம்தானே என்று கையெழுத்து வாங்காமல், படம் எடுக்காமல், ஷீட்டே போடாமல் செய்வது அவர்களுக்குத்தான்! ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, பல் சொத்தை என்று கண்டுபிடித்து, திங்கட்கிழமை கிளினிக்குக்கு வரச்சொல்லி ஃபீஸ் வாங்கினால் அதுவும் இலவசம் இல்லை, சந்தேகமே வேண்டாம்.

அந்த இடைத்தரகர். இந்த ஆட்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஒரு நாள் நோயாளியின் சொந்தக்காரர் என்பார், மறுநாள் ஏதோ நுகர்வோர் சங்கத்துத் தலைவர் என்று கார்டு நீட்டுவார், மூன்றாம் நாள் வக்கீல் குமாஸ்தா. கேட்பது மட்டும் எப்போதும் ரொக்கம். ரசீது கிடையாது, நோயாளியின் கையெழுத்து கிடையாது. நீங்கள் 2 லட்சம் கொடுத்தால் அந்த அம்மாவுக்கு அதில் 20,000 போனால் அதிசயம், அவர் அடுத்த மாதம் வழக்குப் போட்டால் 'நான் பணம் வாங்கவே இல்லை' என்று உண்மையாகவே சொல்வார். பதிவு ரத்து என்பதெல்லாம் மிரட்டல். கவுன்சிலுக்குப் புகார் போனால் உங்களுக்கு நோட்டீஸ் வரும், பதில் சொல்ல வாய்ப்புத் தருவார்கள், அது எவ்வளவு மெதுவாக நகரும் என்று புகார் கொடுத்தவர்களைக் கேளுங்கள். போலீஸ் என்றால், 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்: மருத்துவர் மேல் கிரிமினல் நடவடிக்கைக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும், அதற்குமுன் சார்பில்லாத ஒரு மருத்துவரின், முடிந்தால் அரசு மருத்துவரின் கருத்தை வாங்க வேண்டும், புகார் வந்தது என்பதற்காகவே கைது செய்யக் கூடாது. உடைந்த ஃபைல் நுனி அந்தக் கணக்கில் வராது. அவர் இனி வந்தால் 'எங்கள் வக்கீலிடம் பேசுங்கள்' என்ற ஒரே வாக்கியம் போதும், காபிகூடக் கொடுக்க வேண்டாம்.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவை எண்டோடான்டிஸ்ட்டிடம் அனுப்பி, சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, துண்டை எடுக்க முடியுமா, ஓரமாகத் தாண்டிப் போக முடியுமா, அப்படியே விட்டுவிடலாமா என்று கருத்து வாங்குவதும், அந்தச் செலவை ஏற்பதும் நியாயம், பணமாகவும் சிறியது. ஆனால் வக்கீல் மூலம், எழுத்தில், தவறை ஒப்புக்கொள்ளாமல், பணம் அந்த அம்மாவின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும்படி.

அதற்கும் முன்னால் ஒன்று. தொழில்முறை இழப்பீட்டு பாலிசி எடுத்திருக்கிறீர்களா? இருந்தால் நாளைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நோட்டீஸ் நகலோடு எழுதுங்கள், ஏஜென்டிடம் போனில் சொல்வது கணக்கில்லை. 'வெறும் வக்கீல் நோட்டீஸ்தானே, கேஸ் வரட்டும்' என்று எனக்கே ஒரு ஏஜென்ட் சொன்னார், கேட்டிருந்தால் நடுத்தெருவில் நின்றிருப்பேன். பெரும்பாலும் இந்த பாலிசிகள் சிகிச்சை செய்த காலத்தை அல்ல, கோரிக்கை வந்த காலத்தைப் பார்ப்பவை. நடுவில் புதுப்பிக்காமல் விட்டால் பழைய சிகிச்சைக்கான பாதுகாப்பு போய்விடும். கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் நீங்கள் பணம் கொடுத்தாலும் மன்னிப்புக் கடிதம் எழுதினாலும் கையை விரித்துவிடுவார்கள்.

வக்கீல் நோட்டீஸில் போட்டிருக்கும் 15 நாள் கெடு அந்த வக்கீல் வைத்தது, சட்டம் வைத்ததில்லை. ஆனாலும் பதில் போடுங்கள், சுருக்கமாக. உண்மையான கெடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து புகார் நகலோடு நோட்டீஸ் வரும்போது தொடங்கும்: 30 நாள், ஆணையம் மனம் வைத்தால் இன்னும் 15 நாள். 46ஆம் நாள் போனால் உங்கள் பதிலை வாங்கவே மாட்டார்கள், 2020ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் மூன்று மாதத்தில் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று அதே சட்டம் ஆணையத்துக்கும் சொல்கிறது, அதற்கு யார் கதவை மூடுகிறார்கள்? வாய்தா, வாய்தா, உறுப்பினர் இல்லை, மறுபடி வாய்தா. நீங்கள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் போய் உட்கார வேண்டாம், வக்கீல் போவார். எட்டு லட்சத்தைப் பார்த்தும் மிரள வேண்டாம், கொடுத்த ஃபீஸ் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்கு ஆணையத்தில் கட்டணமே இல்லை, எட்டு என்று எழுதினாலும் எண்பது என்று எழுதினாலும் அவர்களுக்குச் செலவு ஒன்றுதான்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஆர்.வி.ஜி. படங்களை (டிஜிட்டல் பல் எக்ஸ்ரே) போனில் போட்டோ எடுத்துக் கொண்டுபோகாதீர்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் மூலக் கோப்பையே, தேதி நேரம் மாறாமல், பென் டிரைவில் நகலெடுங்கள். அதைச் செய்யும்வரை அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யவோ சாஃப்ட்வேர் அப்டேட் செய்யவோ யாரையும் விடாதீர்கள்.