இரண்டு பெக்குக்குப் பிறகு ஆணுறை ஏன் தவறிப்போகிறது?

நிதானத்தில் 'ஆணுறை இல்லாமல் கூடவே கூடாது' என்று இருப்பவர்கள் குடித்ததும் ஏன் மாறிவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பின்விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதியை மது மந்தமாக்குகிறது. கண்ணெதிரே உள்ள ஆசை பெரிதாகத் தெரியும். பிறகு வரக்கூடிய நோயோ கர்ப்பமோ மங்கிவிடும்.

போட நினைத்தாலும் கை தடுமாறும். பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பார்கள், நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்ற மறப்பார்கள். தலைகீழாக வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு அதையே திருப்பிப் போடுவது இன்னும் மோசம். முதலில் உறுப்பில் பட்ட பக்கம் இப்போது வெளியே இருக்கும். அதை எறிந்துவிட்டுப் புதியதை எடுங்கள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் பலவீனமாகிக் கிழியும். போதையில் விறைப்பு தளர்ந்தால் நடுவில் கழன்றும் விடும். மெத் (மெத்தாம்பெட்டமைன்) போன்ற ஊக்கப் போதைப்பொருட்களை எடுத்தால் உறவு நீண்டுகொண்டே போவதால் உராய்வு கூடும். இடையில் ஆணுறையை மாற்றுங்கள்.

முடிவை முதல் பெக்குக்கு முன்பே எடுங்கள்: மூன்று ஆணுறை, நீர் சார்ந்த ஜெல், கைக்கு எட்டும் இடத்தில். பர்ஸில் வேண்டாம், சூட்டிலும் அழுத்தத்திலும் கெடும்.

தவறிவிட்டதா? எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஏஆர்டி மையம் (எச்ஐவி சிகிச்சை மையம்) உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வழி கேட்க எச்ஐவி உதவி எண் 1097, கட்டணமில்லை. அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று தேவை. குடித்தவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இன்னொன்று: என்ன நடக்கிறதென்றே புரியாத போதையில் ஒருவர் சொல்லும் 'சரி' சம்மதம் ஆகாது. அங்கேயே நிறுத்துங்கள்.