வேலூரிலிருந்து எட்டுப் பேர், இரண்டு இரவு, நாமே சமையல்: ஏலகிரியா, மாமல்லபுரமா?

கேள்வி: ஆறு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளுமாக சமையலறை உள்ள காட்டேஜ் எடுத்துத் தங்கப் போகிறோம். மலை, கடல் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா? முன்பணம் கட்டும் முன் என்ன விசாரிக்க வேண்டும்?

இரண்டு இரவில் இரண்டும் வேண்டாம். ஏலகிரி மேற்கே, மாமல்லபுரம் கிழக்கே, வேலூர் நடுவில். பாதிப் பொழுது வண்டியிலேயே போய்விடும். சமைத்துச் சாப்பிடுவதுதான் குறி என்றால் என் ஓட்டு ஏலகிரிக்கு. 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் வேலூர்க்காரர்களுக்குப் பக்கத்து மலை அதுதான். கறி, காய்கறி எல்லாம் போகிற வழியில் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வாங்கிவிடலாம். பொன்னேரியில் மலைப்பாதை ஏறிவிட்டால் மேலே அத்தனாவூர்க் கடைகள்தான். அவசரத்துக்கு ஆகும், எட்டுப் பேர் சமையலுக்கு அதை நம்ப வேண்டாம்.

'சமையலறை வசதி உண்டு' என்று போட்டிருக்கும் பல இடங்களில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் நாலு தட்டும்தான் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. படுக்கையறைப் படம் எதற்கு? சமையலறையை இன்றைக்கே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை பர்னர், இருப்பதிலேயே பெரிய பாத்திரம் எத்தனை லிட்டர், மிக்ஸி உண்டா, மாற்று சிலிண்டர் உண்டா என்று கேளுங்கள். 'எல்லாம் இருக்கு சார்' என்பது பதில் இல்லை.

போனதும் முதல் வேலை சிலிண்டர். கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பி-27 என்றால் அடுத்த சோதனைக்கு 2027 ஜூன் வரை கெடு. தாண்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள், ரெகுலேட்டரைச் சுற்றி சோப்பு நுரை தடவுங்கள்; குமிழி வந்தால் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. எவ்வளவு கேஸ் மிச்சம் என்று தெரிய, ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். கேஸ் இருக்கும் மட்டம் வரை ஈரம் தாமதமாகக் காயும். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அந்த வீடே வேண்டாம். ஜன்னல் சாத்திக் குளித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு வாசனை கிடையாது.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு 100 லிட்டர் வைத்தால் நாளைக்கு 800 லிட்டர். 500 லிட்டர் தொட்டி காலை ஒன்பது மணிக்கே காலி. இன்வர்ட்டர் லைட், ஃபேனைத்தான் ஓட்டும், மோட்டாரை ஓட்டாது. ஆகவே ஜெனரேட்டர் உண்டா, தொட்டி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

சமையலில் மலை கொஞ்சம் விளையாடும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு கூடுதல் நேரம் எடுக்கும்; குக்கரில் ஒரு விசில் அதிகம் வையுங்கள். துவரம்பருப்பு வேகாமல் முறைத்தால் குற்றம் பருப்பின் மேல் மட்டும் இல்லை, உப்பேறிய போர் தண்ணீரும் காரணம். கேன் தண்ணீரில் அரை மணி ஊற வைத்து வேக வையுங்கள், புளியைக் கடைசியில் சேருங்கள். குக்கரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், வாடகை வீட்டுக் குக்கரில் கேஸ்கட் தளர்ந்திருக்கும்.

இட்லி மாவு ஒரு வேளைக்கு 2 லிட்டர் போதும். மார்கழி, தை மாதம் என்றால் மேலே குளிரில் மாவு பொங்காது, கீழேயே புளிக்க வைத்து எடுத்துப் போக வேண்டும். டப்பாவில் பாதிதான் ஊற்றுங்கள், மூடியை இறுக்க வேண்டாம். வண்டிச் சூட்டில் மாவு மறுபடி பொங்கி, 14 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் டிக்கி முழுக்க மாவாகிவிடும்.

பிரியாணி இல்லாமல் நம்ம ஊர் ஆட்கள் கிளம்ப மாட்டார்கள். 1 கிலோ சீரகசம்பா, 1 கிலோ கறி, 10 லிட்டர் டேக்சா. அரிசியை 20 நிமிடம் ஊற வையுங்கள். வீட்டு பர்னர் தீ நடுவில் மட்டும் படும், அப்படியே தம் போட்டால் அடி கருகி ஓரம் நறுக்கரிசியாக நிற்கும். தம் போடும்போது அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து, தீயைக் குறைத்து 20 நிமிடம் விடுங்கள். கத்தரிக்காய்ப் பச்சடியைக் கீழேயே செய்து எடுத்துப் போவது நல்லது, அடுப்பு மிச்சம்.

இன்னொரு விடுமுறைக்குக் கடல்தான் என்றால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம், சுமார் 130 கிலோமீட்டர். அங்கே உப்புக்காற்றில் பர்னர் துருப்பிடித்துத் துளை அடைத்திருக்கும். ஒரு ஊசியும் பழைய டூத் பிரஷும் கையோடு இருக்கட்டும். மீன் வாங்கிச் சமைக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவிர்த்துவிடுங்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் அது. ஃபைபர் படகு மீன் கிடைக்கும், ஆனால் விலை எகிறிக் கிடக்கும்.