மூன்றடிக் கப்பல் எப்படித் திரையை அடைத்தது? – வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகர், "நீங்கள் அதிக தடவை பார்த்த படம் எது?" என்று கேட்டிருந்தார். "1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். அப்படித் தாவியிருக்கக் கூடாது. வந்து விழுந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டுகளை நானே வைத்துக்கொள்கிறேன். கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். இந்தப் படம் பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பினால் சமையல் குறிப்பு இருக்கிறது.

படம் ஆரம்பித்ததும் ஒரு ராட்சத விண்கப்பல் நம் தலைக்கு மேலே போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அந்த மாடல் நிஜத்தில் எத்தனை அடி நீளம் இருக்கும்?
– மதுரை வாசகர்

சுமார் 3 அடி. அச்சுப்பிழை இல்லை, மூன்றேதான். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்: அதற்கு முன்னால் உயிர் தப்ப ஓடுகிறதே ஒரு குட்டிக் கப்பல், அந்த மாடல் சுமார் 6 அடி. துரத்துகிற யானை சின்னது, ஓடுகிற எலி பெரியது! அந்த 6 அடி மாடலை முதலில் செய்தது படத்தில் வரும் கடத்தல்காரர் ஹான் சோலோவின் கப்பலாக. பிறகு பார்த்தால் 'ஸ்பேஸ் 1999' என்ற டிவி தொடரில் வருகிற விண்கலத்தின் சாயல் அதில் அடித்தது. சரி என்று அதன் தலையைக் கழற்றி வேறு தலை மாட்டி, அதை இளவரசி தப்பிக்கிற கப்பலாக்கிவிட்டு, ஹானுக்கு வட்டமாகப் புதிதாக ஒன்று செய்தார்கள்.

அப்புறம், 3 அடி எப்படித் திரையை அடைத்தது என்பது. மாடல் பெரும்பாலும் அசையாமல் நின்றது, கேமராதான் அதை ஒட்டினாற்போல் ஊர்ந்து போனது. எஃபெக்ட்ஸ் வேலையை நடத்திய ஜான் டைக்ஸ்ட்ராவும் அவருடைய ஆட்களும் செய்த அந்த ஏற்பாட்டுக்கு டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்றே பெயர். அதன் விசேஷம் வேகம் இல்லை, ஞாபகம்! ஒரு தடவை கேமரா போன பாதையை இம்மி பிசகாமல் மறுபடி மறுபடி போகும். அது ஏன் வேண்டும் என்றால், கப்பலின் உடம்பை ஒரு தடவை, எஞ்சின் வெளிச்சத்தை ஒரு தடவை, நட்சத்திரங்களை ஒரு தடவை என்று தனித்தனியாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வைக்க வேண்டும். பாதை ஒரு மயிரிழை விலகினாலும் குட்டு உடைந்துவிடும். இப்படித் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தால் படம் மங்கும் என்பதால், ஹாலிவுட்டில் எல்லோரும் மறந்துபோயிருந்த 1950-களின் விஸ்டாவிஷன் கேமராக்களைத் தேடிப் பிடித்தார்கள். அதில் ஃபிலிம் படுக்கை வசத்தில் ஓடும், ஒவ்வொரு ஃப்ரேமும் பெரிதாக இருக்கும், மங்கினாலும் தாங்கும்.

கப்பலின் மேல் மொசுமொசுவென்று தெரிகிற குழாய், கம்பி, பெட்டி எல்லாம் என்ன என்றால், கடையில் விற்கிற பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள். டாங்கி, போர் விமானம் என்று பெட்டி பெட்டியாக வாங்கி, பாகங்களைப் பிய்த்து ஒட்டினார்கள். கண்ணுக்கு நுணுக்கமாக ஏதோ தட்டுப்பட்டால் மூளை அதைப் பெரிய பொருள் என்று நம்பிவிடும். அந்த ஒரு பலவீனத்தின் மேல்தான் கப்பல் மொத்தமும் மிதக்கிறது.

இதெல்லாம் நடந்த இடம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸில் ஒரு கிடங்கு. 1975-ல் இதற்கென்றே ஆரம்பித்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கம்பெனி. படப்பிடிப்பை முடித்துவிட்டு இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் வந்து பார்த்தபோது காசில் பாதி கரைந்திருந்தது, தேறிய ஷாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாட்களில்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டார்த் வேடராக நடித்தது உண்மையில் யார்? வீட்டில் பெரிய சண்டை, தீர்த்து வையுங்கள் சார்.
– கோவை வாசகி

உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று தெரியவில்லை, ஆளுக்கொரு பெயர் தர என்னால் முடியும். வில்லன் வேடரின் உடம்பு டேவிட் ப்ரௌஸ், எடை தூக்கும் வீரராக இருந்த பிரிட்டிஷ்காரர். குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். ப்ரௌஸ் செட்டில் எல்லா வசனத்தையும் பேசித்தான் நடித்தார், ஆனால் அவருடைய மேற்கு இங்கிலாந்து உச்சரிப்பு அந்தக் கறுப்பு அங்கிக்கு ஒட்டவில்லை. சின்ன வயதில் திக்குவாயால் பல வருஷம் பேசுவதையே தவிர்த்த ஜோன்ஸ், உலக சினிமாவின் மிகப் பயங்கரமான குரலானார். 1977-ல் தன் பெயரை டைட்டிலில் போட வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. தன்னை ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார். மூச்சு மூன்றாமவர்: ஒலிக்காரர் பென் பர்ட். கடலுக்கடியில் நீந்துபவர்கள் வாயில் வைத்துக்கொள்ளும் காற்றுக் கருவிக்குள் குட்டி மைக்கை வைத்து மூச்சு விட்டார்.

நான்காமவரை யாருமே சொல்வதில்லை. ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி, போயிங்கில் படம் வரைந்துகொண்டிருந்தவர். வேடர் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு வெற்று வெளியில் போவாரே, மூச்சு எப்படி விடுவார் என்று யோசித்து முகமூடியை வரைந்தது இவர். அந்தக் காட்சி படத்தில் வரவேயில்லை, முகமூடி மட்டும் நின்றுவிட்டது.

விண்வெளியில் சத்தமே கேட்காது என்று எங்கள் இயற்பியல் வாத்தியார் சொல்கிறார். படத்தில் எல்லாம் வீல் என்று கத்துகின்றனவே?
– திருநெல்வேலி மாணவர்

வாத்தியார் சொல்வதுதான் சரி, பரீட்சையில் அதையே எழுதுங்கள். ஆனால் தியேட்டரில் சத்தத்தை எடுத்துவிட்டால் பாதிப் படம் காலி. என்னைக் கேட்டால் இந்தப் படத்தை நம்ப வைத்தது கேமரா கூட இல்லை, காது.

பென் பர்ட் அப்போது கல்லூரியை விட்டு வந்த புதுசு. மின்னணுக் கருவியில் 'பீப் பீப்' என்று செய்யாமல் நிஜ உலகத்துச் சத்தங்களைப் பொறுக்கி வா என்று அனுப்பினார்கள், அவரும் டேப் ரெக்கார்டரோடு கிளம்பிவிட்டார். லைட்சேபர் என்ற ஒளிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புரொஜெக்டர் மோட்டாரின் 'ம்ம்ம்' முனகல் ஒன்று. பழுதான மைக் வயர் டிவி பக்கமாகப் போனபோது கிளம்பிய 'ஸ்ஸ்ர்' இரைச்சல் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் கையில் மைக்கைப் பிடித்து வாள் மாதிரி வீசினார். மைக் கிட்டே வந்தால் சத்தம் கூர்மையாகும், விலகினால் இறங்கும், ரயில் ஹாரன் நம்மைக் கடந்து போகும்போது மாறுமே அதே சங்கதி. அப்படிப் பார்த்தால் அந்த இயற்பியலும் படத்தில் இருக்கிறது, வாத்தியாரிடம் சொல்லுங்கள். துப்பாக்கிச் சத்தம், ரேடியோ டவரை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியைச் சுத்தியலால் தட்டியது. வில்லன்களின் சின்ன விமானம் அலறுவது, யானைப் பிளிறலும் ஈர ரோட்டில் கார் போகிற சத்தமும்.

அந்த வாளின் கைப்பிடி என்ன தெரியுமோ? பழைய கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃப்ளாஷ் பிடி. செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் ஒரு கேமரா கடையில் அதைக் கண்டெடுத்து, அங்கங்கே சில பட்டைகளை ஒட்டினார், தீர்ந்தது வேலை.

பார்செக் என்பது தூரத்தின் அளவு. ஹான் சோலோ அதை நேரம் மாதிரி பேசுகிறாரே?
– சேலம் வாசகர்

ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு. ஹான் கதை விடுகிறார். எதிரே உட்கார்ந்து கேட்கிற பெரியவரின் முகத்தைப் பாருங்கள், அவருக்கு அது தெரிந்துவிட்டது.

என்ன இருந்தாலும் இது ஜார்ஜ் லூகாஸ் என்ற தனி மனிதரின் மேதைமைதானே?
– தஞ்சாவூர் வாசகர்

பாதி ஒத்துக்கொள்கிறேன். கனவு அவருடையது, பிடிவாதமும் அவருடையது. ஃப்ளாஷ் கார்டன் என்ற பழைய விண்வெளிக் கதையின் உரிமை கிடைக்காததால் சொந்தமாகவே ஒன்று எழுதினார். அகிரா குரோசாவாவின் 1958 படமான 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்'ஸில் கதையை இரண்டு சாதாரண ஆட்களின் பார்வையில் சொல்வதைப் பார்த்துவிட்டு, இங்கே இரண்டு ரோபோக்களின் கையில் கதையைக் கொடுத்தார். எல்லாம் சரி. ஆனால் முதலில் வெட்டி ஒட்டிப் பார்த்தபோது படம் படுத்துவிட்டது. முதல் எடிட்டரை அனுப்பிவிட்டு, பால் ஹிர்ஷ், ரிச்சர்ட் ச்யூ, லூகாஸின் அன்றைய மனைவி மார்ஷியா லூகாஸ் மூவரும் உட்கார்ந்தார்கள். கதாநாயகன் லூக் ஊரில் நண்பர்களோடு அரட்டை அடிக்கிற ஆரம்பக் காட்சிகள் அப்படியே குப்பைக்கு. கடைசி விமானச் சண்டை மார்ஷியாவின் பொறுப்பு. எஃபெக்ட்ஸ் ஷாட்கள் இன்னும் வராததால், பழைய யுத்தப் படங்களிலிருந்து விமானங்களை வெட்டி இடத்தை நிரப்பி, சண்டையின் தாளத்தை முதலில் பிடித்துக்கொண்டார்கள். கப்பல்கள் பிறகு அந்தத் தாளத்துக்கு வந்து உட்கார்ந்தன. அடுத்த முறை பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள்: எதிரி இன்னும் இத்தனை நிமிஷத்தில் சுட்டுவிடுவான் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், சொல்கிறவர் முகம் தெரியாது. நம் வயிற்றைக் கலக்குவது அந்த முகமில்லாத குரல்தான்.

1978 ஆஸ்கரில் லூகாஸுக்கு இயக்கம், திரைக்கதை இரண்டுக்கும் பரிந்துரை, இரண்டிலும் வெறுங்கை. எடிட்டிங் விருது அந்த மூவருக்கு. வீட்டுக்கு ஆஸ்கர் கொண்டுபோனது மனைவி! 1983-ல் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். அப்புறம் வந்த படங்களில் எனக்கு எதுவோ குறைவதற்கு அதுதான் காரணம் என்று சாதிப்பேன், ஆதாரம் கேட்காதீர்கள்.

லேயாவைப் பற்றி ஒரு வார்த்தை கூட எழுத மாட்டீர்களா?
– காரைக்குடி வாசகி

படம் எடுத்தபோது லேயாவாக நடித்த கேரி ஃபிஷருக்கு 19 வயது. காப்பாற்ற வந்தவர்களின் லட்சணத்தைப் பார்த்து, துப்பாக்கியைப் பிடுங்கித் தானே வழி செய்துகொள்கிற இளவரசி. பிற்பாடு அவர் அடுத்தவர்களின் திரைக்கதைகளைச் சத்தமில்லாமல் சரிசெய்து தருகிற வேலையிலும் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

லூகாஸ் பணக்காரரானது டிக்கெட் வசூலாலா, பொம்மைகளாலா?
– திருப்பூர் வியாபாரி

வியாபாரி கேட்கிற கேள்வி! படச் செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். இயக்குநர் சம்பளம் 1,50,000 டாலர். முந்தைய படமான 'அமெரிக்கன் கிராஃபிட்டி' ஓடு ஓடென்று ஓடியிருந்ததால் அவர் சம்பளத்தை ஏற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதில் அடுத்த பாகங்களின் உரிமையும் பொம்மை, பனியன் போன்ற சரக்குகளின் உரிமையும் கேட்டார். படத்துக்குப் பணம் போட்ட ஃபாக்ஸ் கம்பெனிக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. 1977 மே 25-ல் 32 தியேட்டர்களில்தான் படம் வந்தது. கூட்டம் அலைமோதவும் பொம்மைக் கம்பெனியான கென்னரால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள்? காலிப் பெட்டியை விற்றார்கள். உள்ளே ஒரு சீட்டு: இதை அனுப்பினால் பொம்மைகள் பிறகு தபாலில் வரும். ஜனங்கள் வாங்கினார்கள் சார்! 2012-ல் லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கிய விலை 405 கோடி டாலர்.

முதல் தடவை பார்க்கப் போகிறேன். எந்தப் பதிப்பு? படத்தில் தெரியாத்தனமான தவறு ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.
– புதுச்சேரி வாசகர்

1997-ல் லூகாஸ் கம்ப்யூட்டர் கொண்டு படத்தைத் திருத்தினார். ஹான், மதுக்கடையில் தன்னைப் பிடிக்க வந்தவனை முதலில் சுடுவதுதான் அசல். திருத்தியதில் வந்தவன் முதலில் சுடுகிறான். ஹானை நல்லவனாக்குகிறார்களாம். 1977-ல் இருந்தபடி பார்க்க ஆசை என்றால், 2006 டிவிடியில் இலவச இணைப்பாக அது வந்தது, எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் இருப்பதைப் பாருங்கள், கெட்டுப்போய்விடவில்லை.

தவறு? வெள்ளைக் கவச சிப்பாய்கள் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழையும் காட்சி வரும். திரையின் வலது பக்கம் பாருங்கள், ஒருவர் கதவில் தலையை இடித்துக்கொள்வார். என்னென்னவோ மாற்றிய லூகாஸ் இதில் மட்டும் கை வைக்கவில்லை. 2004 டிவிடியில் அந்த இடத்துக்கு 'டொங்' என்று ஒரு சத்தம் கூடச் சேர்த்திருக்கிறார்கள்.