பயாப்ஸி கொடுத்து ஆறு நாள் ஆகியும் ரிப்போர்ட் வரவில்லையே, லேபில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

உங்கள் அம்மாவுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ கட்டி எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கவுன்ட்டரில் கேட்டால் "இன்னும் வரலை, நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் வேலை பார்க்கும் ஹிஸ்டோபதாலஜி டெக்னீஷியன் நான், அதாவது உடம்பிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தயார் செய்பவள். இந்தக் கேள்வியை நேரிலும் திட்டாகவும் நிறைய வாங்கியிருக்கிறேன்.

ரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் ரிப்போர்ட் வாங்குவது போன்ற வேலை இல்லை இது. சதை முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். அப்போதுதான் செல்கள் அழியாமல் இருந்த நிலையிலேயே நிற்கும். பிறகு லேப் டாக்டர் அதை வெட்டிப் பார்த்து, தேவையான துண்டுகளைக் கேசட் எனும் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் போடுவார். ராத்திரி முழுக்க மெஷினில் ஓடும். ஆல்கஹால் தண்ணீரை எடுக்கும், சைலீன் ஆல்கஹாலை எடுக்கும், கடைசியில் 60 டிகிரி அளவில் உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே இறங்கும். மறுநாள் மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரை 250 ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. ரிப்பன் போல வரும் அந்தச் சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் பிரிந்ததும் ஸ்லைடில் ஏந்த வேண்டும். பக்கத்தில் யாராவது ஃபேனைப் போட்டால் போச்சு. அதன்பிறகு ஹீமடாக்ஸிலின், ஈயோசின் சாயம் ஏற்றி, உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்போதுதான் டாக்டரின் மேசைக்குப் போகும். எலும்பு என்றால் அதிலிருக்கும் சுண்ணாம்பை அமிலத்தில் கரைப்பதற்கே தனியாகச் சில நாள் வேண்டும்.

"ஆபரேஷன் நடக்கும்போதே இருபது நிமிஷத்தில் சொல்கிறார்களே" என்று சிலர் வருவார்கள். அது ஃப்ரோசன் செக்‌ஷன். உறையவைத்துச் சீவுவது. சர்ஜன் அந்த நேரத்தில் முடிவெடுக்க உதவும். ஆனால் உறைபனியில் செல்லின் உருவம் குலையும். அதே துண்டை மறுபடி மெழுகில் போட்டுத்தான் உறுதி செய்வார்கள்.

ஆறு நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு அதைவிட முதல் ஒரு மணி நேரம்தான் பெரிது. கட்டி உடம்பை விட்டு வெளியே வந்ததும் எந்த பாட்டிலில், எந்தத் திரவத்தில் போனது என்று யாரும் கேட்பதே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு சின்ன நர்சிங் ஹோமிலிருந்து மார்பகக் கட்டி வந்தது. எடுத்தது சனிக்கிழமை. வாய் குறுகிய மாத்திரை டப்பாவில் அமுக்கித் திணித்து, ஃபார்மலினுக்குப் பதில் சலைன், அதாவது வெறும் உப்புநீர், ஊற்றியிருந்தார்கள். மூடியைத் திறந்ததுமே வாடை. கத்தி வைத்தால் நடுப்பகுதி குழைந்து ஒட்டிக்கொண்டு வந்தது. ரிஜிஸ்டரில் "சலைனில் வந்தது" என்று நேரத்தோடு எழுதி, டாக்டர் மேடத்திடம் கையெழுத்து வாங்கினேன். ஸ்லைடில் செல்களின் நிழல்தான் இருந்தது. புற்றுநோய் என்று சொல்ல முடிந்தது. ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று தீர்மானிக்கிற ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 பரிசோதனைகளை நம்ப முடியவில்லை. அவற்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டு, 6 முதல் 72 மணி நேரம் வரை ஊறவிட வேண்டும் என்பது விதி. மறுபடி எடுக்கலாம் என்றால் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவின் மகள் வந்து, "எங்கம்மா சதையைக் கெடுத்துட்டீங்களே" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். ரிஜிஸ்டரைக் காட்டினேன். அவளுக்கு அது ஆறுதலா? எனக்கே ஆறுதல் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இதற்கு முன்னால் மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலித் திசுக்களில் வேலை பார்த்தவள் நான். புது மருந்து மனிதருக்குப் போகும் முன் எலிக்குக் கொடுத்து, உறுப்பு உறுப்பாகப் பார்ப்பார்கள். எடை போட்ட கையோடு, துண்டைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் போட வேண்டும். நுரையீரலுக்குள் ஃபார்மலினைச் செலுத்தி விரியவைப்போம். கண்ணுக்கு டேவிட்சன் கரைசல் தனி. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்க வேண்டும். தவறினால் விளக்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மனுஷியையும் எலியையும் ஒப்பிடலாமா என்று கேட்காதீர்கள். எலியின் ஈரலுக்குக் கிடைத்த கவனம் அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். எல்லா நர்சிங் ஹோமும் அப்படி என்றும் சொல்லவில்லை. லேபிள் ஒட்டி, நேரம் எழுதி, அகல வாய் டப்பாவில் ஒழுங்காக அனுப்புகிற சிஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்தே எனக்குத் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. நான் முன்பு இருந்த ஒரு லேபில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாது, ஜன்னலும் திறக்காது. கண் எரிய எரியக் கேசட் எண்ணுவோம். வேலையும் கான்ட்ராக்ட்தான். எங்களைப் போன்றவர்களைப் பதிவு செய்ய 2021இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. என் கையில் இன்னும் பதிவு எண் இல்லை.

மீதிச் சதையை ஆராய்ச்சிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் பலருக்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி, ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், நோயாளியின் சம்மதமும் பொதுவாக வேண்டும். பிளாக்குகளைப் பத்திரமாக வைத்திருப்பது முதலில் உங்களுக்காகத்தான். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிப் போகலாம்.

இப்போது ஆறு நாள் ஆகிவிட்டதா? கவுன்ட்டரில் நிற்காமல் லேபுக்கே போய், "ஐ.எச்.சி. போட்டிருக்கிறார்களா, டீப்பர் கட் கேட்டிருக்கிறார்களா" என்று கேளுங்கள். டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் அதே பிளாக்கில் இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வார், அதுதான் டீப்பர் கட்; இல்லையென்றால் ஐ.எச்.சி. எனும் தனிச் சாயம் கேட்பார். இரண்டுக்கும் கூடுதலாக நாள் பிடிக்கும். இப்படிக் கேட்டால் உள்ளே இருக்கிற எங்களில் யாராவது எழுந்து வந்து பதில் சொல்வோம்.